பென்சிலில் இருந்தது, மையில் இல்லை: வின்ஸ் கொலெட்டா குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மார்வெல் நிறுவனத்தின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 43ஆம் இதழையும் 44ஆம் இதழையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அட்டைத் தேதி 1965 அக்டோபர், நவம்பர். இரண்டுக்கும் பென்சில் போட்டவர் ஜேக் கிர்பி. வசனம் ஸ்டான் லீ. இரண்டிலும் மெடூசா என்ற பாத்திரம் வருகிறாள். 43ல் அவள் கூந்தல் மெல்லிய பேனாக் கோடுகளாகப் பிரிந்து நார் நாராகக் கிடக்கிறது. 44ல் அதே கூந்தல் கனத்த கறுப்புத் திட்டுகளும் நடுவே வெள்ளைப் பளபளப்புமாக உருக்கி ஊற்றியதுபோல் இருக்கிறது. ‘தி திங்’கின் கல் உடம்பும் அப்படித்தான்: முதல் இதழில் காய்ந்து வெடித்த களிமண், அடுத்ததில் உளி பட்ட பாறை. ஒரு மாதத்தில் மாறியது ஒரே ஒரு ஆள். 40 முதல் 43 வரை பென்சில் படத்தின்மேல் மை போட்டவர், அதாவது இங்கர், வின்ஸ் கொலெட்டா. 44லிருந்து ஜோ சின்னட்.

இது கைவாகு வேறுபாடு. ரசனைக்கேற்ப ஒன்று பிடிக்கும், மற்றது பிடிக்காது, அதோடு போயிருக்கும். கொலெட்டாவின் பெயர் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் சண்டைக்கு இழுக்கப்படுவதற்குக் காரணம் இன்னொன்று. கிர்பி பென்சிலில் வரைந்த ஆட்களையும் கட்டடங்களையும் அவர் மை போடாமல் விட்டார், அழித்தார் என்பது குற்றச்சாட்டு. 2010ல் டூமாரோஸ் பதிப்பகம் ராபர்ட் எல். பிரையன்ட் ஜூனியர் எழுதிய ஒரு முழு நூலையே இந்த ஒருவரைப் பற்றி வெளியிட்டது. ஒரு இங்கருக்காக, அதுவும் பெரும்பாலானவர்கள் திட்டும் ஒரு இங்கருக்காக, தனி நூல் என்பது அபூர்வம்.

இந்த விவாதத்தில் பெரும்பகுதி வெவ்வேறு செயல்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் வந்த குழப்பம் என்பது எங்கள் கருத்து. கோட்டின் தன்மையை மாற்றுவது வேறு; விவரத்தைச் சுருக்குவது வேறு; படத்தில் இருந்ததை இல்லாமல் ஆக்குவது வேறு. மூன்றுக்கும் சான்றும் வேறு, தீர்ப்பும் வேறு.

ஆள் யார், வேலை என்ன

கொலெட்டா 1923ல் சிசிலியில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1950களின் தொடக்கத்தில் காமிக்ஸ் தொழிலுக்கு வந்தார். பிற்காலத்தில் மார்வெலாக மாறிய அட்லஸ் நிறுவனத்துக்கு அவர் வரைந்த காதல் கதைகள் நன்றாகவே இருக்கும். இமை, உதடு, கழுத்துச் சரிவு, தோளில் விழும் முடி என்று எதையும் மெல்லிய பேனாவால் தடவிக் கொடுத்ததுபோல் வரைவார். பின்னாளில் நார்ஸ் புராணக் கடவுளான தோரின் கதைகளில் வரும் பெண்களின் முகத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்லாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

1964ல் ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ இதழின் பின்பகுதியில் வந்த, தோரின் கடவுள் உலகமான ஆஸ்கார்ட் பற்றிய கதைகளுக்கு மை போடத் தொடங்கினார். 1965 மே தேதியிட்ட 116ஆம் இதழிலிருந்து முதன்மைத் தோர் கதையும் அவர் கைக்கு வந்தது. 1966 மார்ச்சில் 126ஆம் இதழோடு பத்திரிகையின் பெயரே ‘தோர்’ ஆனது. இடையிடையே ஓரிரு இதழ் வேறு கைக்குப் போனாலும் 1969 வரை தோர் என்றால் கிர்பியும் கொலெட்டாவும்தான். கிர்பியோடு அவர் பெயர் இவ்வளவு இறுகப் பிணைந்திருப்பதும் அவர்மேல் இவ்வளவு கோபம் இருப்பதும் இந்த ஒரே காரணத்தால்: பிழைபட்ட நான்கு இதழ் என்றால் மறந்திருப்பார்கள், இது நான்கு வருடத்துக்கும் மேல்.

பக்கம் கைமாறும் வரிசை

அழித்தல் எப்படி நடந்தது என்று புரிய, 1965ல் ஒரு மார்வெல் பக்கம் எந்தெந்தக் கை வழியாகப் போனது என்று தெரிய வேண்டும்.

லீயும் கிர்பியும் கதையின் போக்கைப் பேசிக்கொள்வார்கள். முழு வசனப் பிரதி அப்போது இருக்காது. கிர்பி பிரிஸ்டல் என்ற தடித்த வரைபட அட்டையில் பக்கம் முழுவதையும் பென்சிலில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அதைப் பார்த்து லீ வசனம் எழுதுவார். பக்கம் ஆர்ட்டி சைமெக், சாம் ரோசன் போன்ற, வசனத்தை அட்டையில் எழுதித் தரும் எழுத்துக் கலைஞரிடம் போகும். வசனப் பலூன்களும் கட்டக் கோடுகளும் அங்கேயே மையில் வந்துவிடும். பிறகுதான் இங்கர். அவர் வேலை முடிந்து, மை காய்ந்ததும், பக்கம் முழுக்க ரப்பர் ஓடும். மிச்சப் பென்சில் போனால்தான் கேமராவில் சுத்தமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கிடைக்கும். அலுவலகத் திருத்தம், காமிக்ஸ் கோடு தணிக்கை, வண்ணக் குறிப்பு, அச்சகம் என்று மற்றவை தொடரும்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பென்சில் படமும் மைப் படமும் ஒரே அட்டை. இன்றுபோல் பென்சிலை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, நீலத்தில் அச்செடுத்து, அதன்மேல் மை போடும் வசதி கிடையாது. மை ஏறியதும் பென்சில் என்ற படைப்பு செத்துவிடும்.

இரண்டாவது, அழிப்பது இங்கர் வேலையின் சாதாரணக் கடைசிப் படி. ஆகவே ஓர் ஆளைப் படத்திலிருந்து தூக்க முன்கூட்டி உட்கார்ந்து அழிக்கவே தேவையில்லை. அந்த ஆள்மேல் மை போடாமல் நகர்ந்துவிட்டால் போதும். கடைசியில் ஓடும் ரப்பர் அவனையும் வாரிக்கொண்டு போய்விடும். ‘கொலெட்டா அழிப்பானோடு அலைந்தார்’ என்று சொல்லும்போது மனதில் வரும் சித்திரம் கொஞ்சம் மிகை. பாதி அழிப்பு, கை எதுவும் செய்யாமல் விட்டதால் நடந்த அழிப்பு.

என்னவெல்லாம் போயிற்று

பென்சில் நகலும் அச்சுப் பக்கமும் இரண்டும் கிடைக்கிற இடங்களில் ஒப்பிட்டால், திரும்பத் திரும்ப வருவது சில வகைகள்தான். முன்னால் சண்டை நடக்கும்போது பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் மெலியும். சில சமயம் காணாமலே போகும். தெருவின் கடைசியில் உள்ள கட்டடத்தில் ஜன்னல்கள் குறையும், கடைசியில் மொட்டைச் சுவர் மிஞ்சும். இயந்திரத்தின் உள்ளே கிர்பி அடுக்கிய குழாயும் வளையமும் நான்கைந்து கோடாகச் சுருங்கும்.

இவற்றைவிடச் சுவாரசியமானது நிழலுரு. கிர்பியின் பென்சிலில் தெருவோரம் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் மடிப்பு, கோட்டின் சுருக்கம், பாக்கெட்டில் நுழைத்த கை, பாதி திரும்பிய முகம் எல்லாம் உண்டு. இவனைக் கோடு கோடாக மையில் எடுக்க நிப்பை ஐம்பது அறுபது தடவை வைத்தெடுக்க வேண்டும். வெளிக்கோட்டை மட்டும் இழுத்து, நல்ல தூரிகையில் மையைத் தோய்த்து உள்ளே நிரப்பினால் அரை நிமிடத்தில் முடிந்தது. அச்சில் பார்க்கிறவருக்கு அது பிழையாகத் தெரியாது; முன்னால் இருப்பவர்களை எடுத்துக்காட்ட வேண்டுமென்றே செய்த உத்தியாகவே தெரியும். ஆனால் கிர்பி கறுப்பு வர வேண்டிய இடத்தைப் பென்சிலாலேயே நிரப்பித் தருபவர். அவர் நிரப்பாத இடத்தில் கறுப்பு வந்திருந்தால் அது இங்கரின் முடிவு.

இதனால் கதை புரியாமல் போகுமா? பெரும்பாலும் போகாது. போவது அளவு. கிர்பியின் படத்தில் ஒரு கடவுள் எவ்வளவு பெரியவர் என்பது அவர் காலடியில் நிற்கும் சின்ன மனிதர்களை வைத்துத்தான் தெரியும். இருபது பேர் ஓடுகிற தெருவில் தோர் விழுவதற்கும் காலித் தெருவில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் வசனத்தால் ஈடுகட்ட முடியாதது. பின்னணி அலங்காரம்தானே, போனால் என்ன என்கிற வாதம் கிர்பி விஷயத்தில் செல்லாததற்கு இதுவே காரணம். வேறு பல ஓவியர்களுக்கு அந்த வாதம் செல்லும்.

சான்று எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

ஒரு பக்கத்தில் நீக்கம் நடந்தது என்று சொல்ல மூன்று வகைச் சான்று உண்டு.

முதலாவது, மை போடுமுன் எடுத்த நகல். இதுதான் நேரடிச் சான்று. 1970களின் தொடக்கத்திலிருந்து கிர்பி தம் பென்சில் பக்கங்களை நகலெடுத்து வைத்தார். அதற்கு முந்தைய மார்வெல் பக்கங்களுக்கு இப்படி நகல் கிடைப்பது குறைவு. கிடைப்பவையும் 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்தவையே பெரும்பாலும். 1994லிருந்து ஜான் மாரோ நடத்தும் ‘ஜேக் கிர்பி கலெக்டர்’ பத்திரிகை இந்த நகல்களை அச்சுப் பக்கத்தோடு சேர்த்து வெளியிடத் தொடங்கிய பிறகுதான், அதுவரை தொழிலுக்குள் வாய்மொழியாக இருந்த புகார் கண்ணால் பார்க்கக்கூடியதாயிற்று.

இரண்டாவது, அசல் அட்டை. பென்சில் முனை அட்டையில் பள்ளம் போடும். ரப்பர் கிராஃபைட்டை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. அட்டையை மேசையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகச் சாய்த்தால் அந்தப் பள்ளங்கள் நிழல் விழுந்து எழும்பி வரும். கிராஃபைட் மிச்சம் இருந்தால் அதே சாய்ந்த வெளிச்சத்தில் லேசாக மின்னும். மை மின்னும் விதம் வேறு. பழைய எண்ணெய் ஓவியங்களுக்குச் செய்வதுபோல் அகச்சிவப்புப் படம் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கே அது அவ்வளவு உதவாது. ‘இந்தியா இங்க்’ என்ற கறுப்பு மையும் கார்பன், பென்சிலின் கிராஃபைட்டும் கார்பன். இரண்டும் அகச்சிவப்பை விழுங்கி இரண்டும் கறுப்பாகவே தெரியும். மைக்கு அடியில் புதைந்த கோட்டைப் பிரித்தெடுக்க முடியாது. சாய்ந்த வெளிச்சமும் 600 டிபிஐக்குக் குறையாத ஸ்கேனும் பொறுமையும்தான் வழி.

மூன்றாவது, ஓரக் குறிப்பு. கட்டத்தில் கூட்டம் சிதறி ஓடுகிறது என்று குறிப்பு சொல்லி, அச்சில் கூட்டமே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அட்டையின் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் இந்தச் சான்றும் போச்சு.

இனி, எங்கே ஏமாறலாம் என்பது. விவாதத்தில் இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். அச்சுப் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்தால் அது கொலெட்டாவின் வேலை என்று முடிவுகட்டக் கூடாது. பலூன் மை போடுமுன் வந்துவிடுவதால், அது பென்சிலில் இருந்த ஆளை மறைத்திருக்கலாம். பலூனுக்கு வெளியே துருத்தும் ஒரு கையை மட்டும் எந்த இங்கரும் விட்டுவைக்க மாட்டார். அலுவலகத்தில் திருத்தம் செய்தவர் வெள்ளை பூசியிருக்கலாம். கிர்பியே காலியாக விட்ட கட்டங்களும் உண்டு.

மறுபதிப்பை வைத்து இங்கரைத் தீர்மானிப்பது இன்னும் பெரிய பிழை. பழைய படங்களின் நெகட்டிவ் கைக்குக் கிடைக்காதபோது, அச்சான காமிக்ஸ் பக்கத்தையே ரசாயனத்தில் நனைத்து வண்ணத்தை வெளுத்துக் கறுப்புக் கோட்டை மட்டும் மீட்கும் முறையை கிரெக் தீக்ஸ்டன் உருவாக்கினார். அப்படி மீட்ட பக்கத்திலும், நகலின் நகலிலிருந்து எடுத்த மறுபதிப்பிலும் முதலில் சாவது மெல்லிய கோடு. கொலெட்டாவிடம் இருப்பதெல்லாம் மெல்லிய கோடுதான். சின்னட்டின் கனத்த தூரிகைக் கோடு எத்தனை நகலையும் தாங்கும். கொலெட்டாவின் பேனாக் கோடு தாங்காது. மறுபதிப்பில் கரடுமுரடாக, அறுந்து தெரிவதில் ஒரு பங்கு அச்சகத்துடையது. ஒப்பிட எடுக்க வேண்டியது முதல் அச்சு, முடிந்தால் அசல் அட்டை.

இந்த எச்சரிக்கைகளை எல்லாம் கழித்த பிறகும் நீக்கம் நிற்கிறதா? நிற்கிறது. நகல் உள்ள பக்கங்களில் மறுக்க முடியாதபடி நிற்கிறது. நகல் இல்லாத 1964 முதல் 1966 வரையிலான பக்கங்களுக்கு அதே அளவு உறுதியோடு பேசுபவர்கள், பின்னால் பார்த்ததை முன்னால் பொருத்துகிறார்கள். அது நியாயமான ஊகம். சான்று என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

ஏன் செய்தார்: மணிக்கணக்கு

இங்கருக்குக் கூலி பக்கக் கணக்கில். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் ஒரே தொகை. ஆகவே பக்கத்தில் உள்ள ஒவ்வொரு ஜன்னலும் அவர் நேரத்தைத் தின்னும், கூலியைக் கூட்டாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தோர் கதை 16 பக்கம், ஆஸ்கார்ட் கதை 5 பக்கம், ஆக மாதம் 21 பக்கம். பக்கத்துக்குச் சராசரி 5 கட்டம் என்று வைத்தால் 105 கட்டம். இதில் 40 கட்டங்களில் பின்னணியைச் சுருக்கி ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் மிச்சம் பிடித்தால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள். அந்த நாளில் இன்னொரு பத்திரிகைக்கு ஓரிரண்டு பக்கம் மை போட்டுக் கூலி வாங்கலாம். கொலெட்டா ஒரே சமயத்தில் பல வேலைகளை ஏற்று, உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஓட்டியவர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்கு இன்னும் பொருந்தும்.

பதிப்பகத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். அச்சு இயந்திர நேரம் முன்கூட்டியே குறிக்கப்படும். இதழ் தாமதமானால் தண்டம் பதிப்பகத்துக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஒரு கட்டுப் பென்சில் பக்கத்தைக் கொடுத்தால் திங்கள் காலை மையோடு திரும்பக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்றால் எந்த ஆசிரியரும் அவரை விடமாட்டார். கொலெட்டாவுக்குத் தொழிலில் இருந்த பெயர் இதுதான்: முடிச்சுக் கொடுப்பார். 1980கள் வரை, ஜிம் ஷூட்டர் மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த காலத்திலும், கழுத்தை நெரிக்கும் வேலைகளுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இதனால் பழியை முழுக்கக் கூலி முறைமேல் போட்டுவிட முடியுமா? அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1967 வாக்கில் அமெரிக்கக் காமிக்ஸ் அசல் அட்டைகளின் அளவு குறைந்தது. அதுவரை படப் பகுதி சுமார் 12 அங்குலத்துக்கு 18; பிறகு 10க்கு 15. பரப்பளவு 216 சதுர அங்குலத்திலிருந்து 150ஆனது; ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. கிர்பியும் அந்தக் காலத்தில் பக்கத்துக்குக் கட்டங்களைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். மை போட வேண்டிய பரப்பு குறைந்த பிறகும் சுருக்கல் நிற்கவில்லை. நகல்கள் கிடைப்பதே இந்தக் காலத்துக்குத்தான். நெருக்கடியில் தொடங்கியது பழக்கமாகிவிட்டது என்றே இதை நாங்கள் வாசிக்கிறோம். அதே பக்கக் கூலி முறையில், அதே நிறுவனத்துக்கு, அதே ஓவியரின் பென்சிலுக்கு மை போட்ட சின்னட்டின் பக்கங்களில் இந்தப் புகார் எழவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பேனாக் கோட்டுக்கு ஒரு நியாயம்

கொலெட்டாவை வெறுப்பவர்கள் அவருடைய கோட்டையும் சேர்த்து வெறுக்கிறார்கள். அங்கே நாங்கள் உடன்படவில்லை.

அவர் கோடு வளையும் நிப்பிலிருந்து வருவது. அழுத்தினால் நிப்பின் இரு பிளவும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். தோரின் மேலங்கி மடிப்பைப் பாருங்கள்: நிழலான இடத்திலிருந்து வெளிச்சமான இடம் நோக்கி ஒவ்வொரு கோடும் தடித்துத் தொடங்கி முடிமுனையாக முடிகிறது. நூறு கோடு சேர்ந்தால் சாம்பல் நிறம்போல் ஒரு மென்மை. ஆஸ்கார்டின் கல் சுவர், பாசி, தாடி, ரோமம், மரப்பட்டை இவற்றுக்கு அந்தக் கோடு அருமையாகப் பொருந்துகிறது. பழைய மரச்செதுக்குப் படத்தின் சாயல் வருகிறது. புராணக் கதைக்கு அது வேண்டிய சாயல். அவருக்கு முன் தோர் கதைக்கு மை போட்ட சிக் ஸ்டோனின் தடித்த வெளிக்கோடு துப்புரவானது, தெளிவானது. ஆனால் அதில் ஆஸ்கார்ட் பழைய ஊராகத் தெரியாது.

அச்சு அளவில்தான் அந்தக் கோட்டுக்கு ஆபத்து. அசலில் 0.25 மில்லிமீட்டர் கோடு, 12க்கு 18 அட்டையிலிருந்து பாதியாகச் சுருங்கினால் 0.125 மில்லிமீட்டர். நியூஸ்பிரின்ட் தாளில், வேகமாக ஓடும் லெட்டர்பிரஸ்ஸில், அது அறுந்தும் போகும். நெருக்கமான இரண்டு கோட்டுக்கு நடுவே மை அடைத்துத் திட்டாகவும் போகும். தூரிகைக்காரர்கள் இதை அறிந்தே கோட்டைக் குறைத்துக் கறுப்பைக் கூட்டுவார்கள். கொலெட்டா அந்தச் சலுகையை அச்சகத்துக்குக் கொடுக்கவே இல்லை.

கிர்பியின் கையும் மாறிக்கொண்டிருந்தது. 1960களின் கடைசியில் அவர் பென்சில் கட்டை கட்டையாக, உலோகத்தன்மையாக ஆனது. இயந்திரங்கள், கண்ணாடிப் பளபளப்பு, ஆற்றல் வெடிப்பைக் காட்டும் கறுப்பு வட்டப் புள்ளிக் கூட்டம். இவை தூரிகை கேட்பவை. இரும்பின் மேல் மெல்லிய பேனாக் கீறல் விழுந்தால் இரும்பு துணியாகிவிடும். ஆக, 1965ன் ஆஸ்கார்டுக்குப் பொருந்திய அதே கை 1971ன் இயந்திர உலகத்துக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. அவர் திறமை குறைந்துவிடவில்லை. படம் அவரை விட்டு நகர்ந்துவிட்டது.

1970–71: டிசியில் நடந்தது

கிர்பி 1970ல் மார்வெலை விட்டுப் போட்டி நிறுவனமான டிசிக்குப் போனார். ‘சூப்பர்மேன்ஸ் பால் ஜிம்மி ஓல்சன்’ 133ஆம் இதழில் தொடங்கி, 1971ல் ‘நியூ காட்ஸ்’, ‘ஃபாரெவர் பீப்பிள்’, ‘மிஸ்டர் மிரக்கிள்’ என்று மூன்று புதிய தொடர்கள். கதை, பென்சில், ஆசிரியப் பொறுப்பு எல்லாம் அவரிடம். மை மட்டும் மறுபடி கொலெட்டா. கிர்பி 1969லேயே கலிபோர்னியாவுக்குக் குடிபோயிருந்தார். பக்கங்கள் தபாலில் நியூயார்க் போயின. போன பக்கம் அவர் கண்ணில் மறுபடி படாது.

அப்போது கிர்பியின் இளம் உதவியாளர்களாக மார்க் எவானியரும் ஸ்டீவ் ஷெர்மனும் இருந்தார்கள். பென்சில் நகலையும் வந்த அச்சையும் ஒப்பிட்டு அவர்கள் முறையிட்டதை எவானியர் பல இடங்களில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன்படி கிர்பிக்கு முதலில் மனமில்லை. ஒருவர் பிழைப்பில் கைவைப்பதை அவர் விரும்பவில்லை. அச்சான இதழை உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் அவருக்கு அதிகம் கிடையாது. கொலெட்டா டிசியின் வெளிவராத பக்கங்களை மார்வெல் அலுவலகத்தில் காட்டினார் என்ற செய்தியும் சேர்ந்த பிறகே மாற்றம் கேட்கப்பட்டது என்பதும் எவானியர் கூற்று. இது ஒரு தரப்பின் சாட்சியம் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உடனிருந்தவரின் சாட்சியம். டிசியின் தலைமையில் இருந்த கார்மைன் இன்ஃபான்டினோ ஒத்துக்கொண்டார். ‘நியூ காட்ஸ்’, ‘மிஸ்டர் மிரக்கிள்’ இரண்டிலும் 5ஆம் இதழிலிருந்தும், ‘ஃபாரெவர் பீப்பிள்’ தொடரில் 6ஆம் இதழிலிருந்தும் கலிபோர்னியாவிலேயே இருந்த மைக் ராயர் மையையும் எழுத்தையும் ஏற்றார்.

கொலெட்டாவின் தொழில் இதனால் முடிந்துவிடவில்லை. 1970களின் பிற்பகுதியில் அவரே டிசியின் ஆர்ட் டைரக்டர். இந்த ஒரு தகவல் விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. ரசிகர்கள் பழியாக நினைத்ததைத் தொழில் அப்படி நினைக்கவில்லை; நேரத்துக்கு வேலை நடத்துபவர் என்று பதவி கொடுத்தது.

தரப்புகள்

ஆய்வாளர்களும் ரசிக ஆய்வாளர்களும் பிரிந்து நிற்பது ஒரு பழைய கேள்வியில்: எது மூலம்? ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பென்சிலே கிர்பியின் படைப்பு, மை அதன் பிரதி என்றால் கொலெட்டா பிழைபடப் பிரதியெடுத்தவர். விட்டவை எல்லாம் குற்றம். அச்சான பக்கமே படைப்பு, பென்சில் அதற்குப் போகும் வழியில் ஒரு படி என்றால், 1966ல் வாசகன் வாங்கிப் படித்த தோர் அந்த இரண்டு கைகளும் சேர்ந்து செய்தது. அதிலிருந்து ஒன்றைக் கழித்து ‘உண்மையான’ தோரைத் தேடுவது வீண். மூன்றாவது தரப்பு தனி ஆளை விட்டுவிட்டுக் கூலி முறையையும் உரிமை முறையையும் பார்க்கச் சொல்கிறது: பக்கம் பதிப்பகத்தின் சொத்து, ஒப்புக்கொண்டவர் ஆசிரியர், ஓவியருக்கு மறுக்கும் உரிமை இல்லை.

எங்கள் நிலை எந்த ஒரு தரப்போடும் முழுதாக ஒட்டாது. கோட்டின் தன்மையில் இரண்டாம் தரப்பு சொல்வது சரி. இங்கர் என்றாலே தன் கையோடுதான் வருவார், அதற்குத்தான் அவர் பெயரை முதல் பக்கத்தில் போடுகிறார்கள். நீக்கத்தில் முதல் தரப்பு சொல்வது சரி. பிரதியெடுப்பவர் தமக்குப் புரியாத சொல்லை மாற்றினால் பாடபேதம். கை வலிக்கிறதென்று பாட்டையே விட்டால் அதற்கு வேறு பெயர். மூன்றாம் தரப்பு சொல்வதில் ஆசிரியரின் பங்கை மட்டும் இன்னும் அழுத்தலாம். மார்வெல் அலுவலகத்தில் பென்சில் பக்கம் வசனத்துக்காக ஒருமுறை வருகிறது, மை போட்ட பிறகு இன்னொரு முறை வருகிறது. கூட்டம் இருந்ததையும் இல்லாததையும் பார்க்கிற கண் அங்கே இருந்தது. அந்த நான்கு வருடத்துக்கும் மேலான காலத்தில் அப்படிப்பட்ட பக்கங்களைத் திருப்பி அனுப்பி ‘இதைச் சேர்’ என்று வழக்கமாகச் சொல்லியிருந்தால் பழக்கம் நிலைத்திருக்காது. அந்தச் சுருக்கலுக்கு அலுவலகம் ஒவ்வொரு மாதமும் சம்மதித்தது என்பதுதான் நடைமுறை உண்மை.

ராயர் வந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் எதையும் விடாதவர்; பென்சிலில் இருந்த அத்தனையையும் மைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ‘மிஸ்டர் மிரக்கிள்’ தொடரில் வரும் பிக் பார்டாவின் முகத்தைக் கொஞ்சம் அழகாக்கினார். மை போட்ட பக்கம் இம்முறை கிர்பியின் வீட்டுக்கே திரும்பி வந்தது. பேட்டிகளில் ராயரே சொல்லியிருக்கிறார்: கிர்பி தம்மிடம் இருந்த பென்சில் நகலிலிருந்து பார்டாவின் முகத்தை வெட்டி எடுத்து, ராயர் வரைந்த முகத்தின்மேல் ஒட்டி, இனி முகத்தில் கைவைக்காதே என்றார்.